அவர் ஏன் நம்பவில்லை என்று அவரிடமே கேட்டீர்களா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 36. அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு பள்ளி நடத்துகிறார், பாடகர் குழுவில் பாடுகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த நண்பர் ஒருவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நண்பரின் பெற்றோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். ஆறு ஆண்டுகளாக நம் வாசகர் இந்த நண்பருக்காக ஜெபிக்கிறார். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்புகிறார். சென்ற ஆண்டு நண்பரின் அப்பா இறந்துபோனார். அடக்கம் முடிந்து, லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு) வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நம் வாசகர் நண்பரின் தோளில் கைவைத்து, “அப்பா ஒரு தடவையாவது ஆண்டவரை ஏற்றுக்கொண்டிருந்தால் இன்றைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்” என்றார். நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

“எங்கே தவறினேன்? நம்பாதவர்களின் எண்ணத்தைப் புரிந்துகொண்டால்தான் சரியான பதில் சொல்ல முடியும் என்று எங்கள் ஆயர் சொல்கிறார். அவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான வசனங்களும் அடங்கிய பட்டியல் ஒன்று தர முடியுமா?” என்று கேட்டிருக்கிறார். கூடவே மூன்று துணைக் கேள்விகள்: பக்கத்து வீட்டில் இருக்கும், நீலகிரியின் படகர் சமூகத்து அம்மாவிடம் எப்படிப் பேசுவது, ஞானஸ்நானம் எடுக்க விரும்பும் நண்பரின் சித்தி மகளுக்கு என்ன சொல்வது, அடுத்த மாதம் வரும் நண்பரின் அப்பா நினைவு நாளுக்குப் போகலாமா.

அன்புள்ள சகோதரரே,

உங்கள் கடிதத்தில் அந்த டம்ளரைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. ஆறு ஆண்டு ஒருவருக்காக ஜெபித்த நீங்கள் அவருக்குத் தீங்கு நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தச் சொல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று பாருங்கள். மழையிலும் பனியிலும் தேயிலைச் சரிவில் நின்று தன்னைப் படிக்கவைத்த அப்பா நரகத்துக்குப் போய்விட்டார் என்று, மண் தள்ளிய கை காயுமுன்பே தன் நண்பன் சொல்கிறான். அவருக்குக் கேட்டது அதுதான்.

யோபுவின் நண்பர்கள் முதலில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. இத்தனைக்கும் அவர்கள் பேசியதெல்லாம் பக்தி நிறைந்த பேச்சு. கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது.

நானும் விசுவாசிதான். குன்னூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். நற்செய்தியைப் பகிராதீர்கள் என்று நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. நீங்கள் கேட்ட பட்டியலை மட்டும் தரமாட்டேன். பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவருக்கு எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. தன் பதிலுக்கு ஏற்ற கேள்வி எப்போது வரும் என்ற நினைப்பிலேயே இருப்பார். “காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்” என்று நீதிமொழிகள் 18:13 சொல்வது நம்மைப் பார்த்துத்தான்.

எல்லாரும் ஒரே கூடையில்

‘அவிசுவாசிகள்’ என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் எண்ணிப் பார்த்தேன். பதினோரு இடங்களில் வருகிறது. அதற்குள் உங்கள் நண்பர் இருக்கிறார், பக்கத்து வீட்டு அம்மா இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் விளையாடப் போகும் உங்கள் தம்பி மகனும் இருக்கிறான். மூன்று பேருக்கும் ஒரே மருந்து எழுதச் சொல்கிறீர்கள்.

உங்கள் தம்பி மகன் எதையும் மறுக்கவில்லை. அவனுக்கு இன்னும் கேள்வியே பிறக்கவில்லை. அவனை விட்டுவிடுங்கள், விளையாடட்டும். நீங்கள் குறிப்பிடாத இன்னொரு வகை மனிதர்களை நான் என் அறையில் அதிகம் சந்திக்கிறேன். நம்பி, அடிபட்டு, விலகியவர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் வந்தார். காய்ச்சலில் குழந்தையைப் பறிகொடுத்தவர். ஆறுதல் சொல்ல வந்த சபையார் ஒருவர், “இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தாய் பாட்டுப் புத்தகத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, பரண்மேல் போட்டுவிட்டார். “தூக்கி எறிய மனம் வரவில்லை, திறக்கவும் முடியவில்லை” என்றார். அவரை எந்தக் கூடையில் போடுவீர்கள்?

இனி உங்கள் பக்கத்து வீட்டு அம்மா. ஹெத்தை பண்டிகை வந்தால் வெள்ளை உடுத்தி, ஹெத்தை கோவில் இருக்கும் பேரகணிக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை அவிசுவாசி என்று எப்படிச் சொல்வது? ஹெத்தை அவர்களுக்கு மூதாய். அந்தத் தாயின்மேல் வைத்த விசுவாசத்தில்தான் அவர் தம் நாளையும் ஆண்டையும் நடத்துகிறார். “அவர்களுக்குப் பாவம் என்றால் என்னவென்றே தெரியாது” என்று நீங்கள் எழுதிய வரி தவறு. படகர்களின் பழைய சாவுச் சடங்கில் ஒரு பெரியவர் நின்று, இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்: எல்லையை நகர்த்தியது, உடன்பிறந்தாரிடையே சண்டை மூட்டியது, ஊரும் பிராணியைக் கொன்றது என்று நீளும் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘பாவம்’ என்று ஒரே குரலில் சொல்லும். அத்தனையும் அவரை விட்டு நீங்கட்டும் என்ற வேண்டுதலோடு ஒரு கன்றை அவிழ்த்துவிடுவதும் வழக்கமாக இருந்தது. ஐரோப்பியர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் ஜனங்களின் பாவத்தைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகும் போக்காட்டை வருடந்தோறும் படிக்கும் நீங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்தக் கன்றைப் பற்றி அந்த அம்மாவிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேளுங்கள். அவர் சொல்லும்போது நடுவில் ஒப்பிட்டுப் பேசாமல் கேளுங்கள்.

இந்த மலையில் நமக்கு முன்னால் வந்தவர்கள் அப்படித்தான் தொடங்கினார்கள். 1603-இல் கோழிக்கோட்டிலிருந்து மலையேறி வந்த ஃபெனிசியோ என்ற இயேசு சபைக் குரு, தோடர்களிடம் அவர்களுடைய எருமைகளைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் கேட்டு எழுதிவைத்தார். பாசல் மிஷன் என்ற ஐரோப்பிய மிஷனரி சங்கம் இந்த மலையிலுள்ள கேத்தியில் வேலை தொடங்கியது 1846-இல். அந்த மிஷனின் மெட்ஸ் ஐயர் படகர்களின் பேச்சைக் கற்றுக்கொண்டு, ஹட்டி ஹட்டியாக, அதாவது அவர்கள் ஊர் ஊராக நடந்தார். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். பன்னிரண்டு ஆண்டு. ஆறு ஆண்டாகப் பலனில்லை என்று சோர்ந்துபோய் எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். அந்த ஒரு முடிவுக்காக அந்த மனிதரும் அவர் குடும்பமும் சொந்த ஊராரிடமிருந்து என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்பதையும் நினையுங்கள். ‘ஏன் தயங்குகிறார்கள்’ என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம்.

நண்பர் கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது வேறு

நண்பர் நம்பாததற்கு இரண்டு காரணம் எழுதியிருக்கிறீர்கள். பாவத்தை விட மனமில்லை என்பது ஒன்று. பெரியார் புத்தகங்களைப் படித்துக் கெட்டுப்போனார் என்பது மற்றொன்று. இரண்டையும் யார் சொன்னார்கள்? அவர் சொல்லவில்லை. நீங்களாக முடிவு செய்தது.

அவர் சொன்னவையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் மலைச்சரிவு இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். “அந்த இரவில் மண்ணுக்குள் போனவர்களில் ஜெபம் செய்தவர் ஒருவர்கூட இல்லையா?” என்று அவர் கேட்டார். “தேவ சித்தம்” என்று இரண்டே சொல்லில் முடித்தீர்கள். இன்னொரு நாள் கேட்டார்: “உங்கள் சபைக் குடும்பங்களில் எங்கள் லைனில் இருப்பவனுக்குப் பெண் கொடுத்த குடும்பம் ஒன்று காட்டு.” நீங்கள் கலாத்தியர் 3:28-ஐச் சொன்னீர்கள்: கிறிஸ்துவுக்குள் யூதனும் இல்லை, கிரேக்கனும் இல்லை. வசனம் சத்தியம். அவர் கேட்டது கல்யாணத்தைப் பற்றி.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன தெரியுமா? வெட்கம்தான். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துப் பிரித்துக் கோவில் கட்டியதும், பிறகு அந்தச் சுவரை இடிக்கவேண்டி வந்ததும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைக்கும் கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களில் சாதிப் பெயர் வருகிறது. “நீ கேட்டது சரி. எங்கள் சபையில் அப்படி ஒரு குடும்பத்தை என்னால் காட்ட முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்று நீங்கள் சொல்லியிருந்தால், ஆறு ஆண்டுகளாக அனுப்பிய வசனங்களைவிட அது அவரை அதிகம் தொட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

பெரியாரைப் பற்றியும் ஒரு சொல். 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் அதன் பெயரிலேயே சுயமரியாதையைத்தான் முன்னால் வைத்தது. நீ யாருக்கும் கீழானவன் இல்லை என்ற குரல், இரு நாட்டிலும் தோட்டக் கூலியாக மதிக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? தாகத்துக்குக் கிடைத்த தண்ணீர்போல இருந்திருக்கும். கடவுள் மறுப்பு அதோடு சேர்ந்து வந்தது. தேவ சாயலாகப் படைக்கப்பட்டவன் மனிதன் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் செய்தியை அவருக்கு நடத்தையால் முதலில் சொன்னவர்கள் நாம் இல்லை. அதைக் கெட்டுப்போவது என்று எழுதாதீர்கள்.

அவர் ஒழுக்கமில்லாதவர் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தை வைத்தே நிற்காது. நடு ராத்திரியில் பிரசவ வலி கண்ட பெண்ணை மூடுபனியில் ஜீப் ஓட்டிக் குன்னூருக்குக் கொண்டுபோனவர் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருப்பது நீங்கள்தான்.

சங்கீதம் 14:1-ஐ அவருக்கு இரண்டு தடவை அனுப்பியிருக்கிறீர்கள்: “தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்.” அந்த வசனத்தை அடுத்து வருவதைப் படியுங்கள். ஏழை ஜனத்தை அப்பத்தைப்போலப் பட்சிக்கிறவர்களைப் பற்றித்தான் அந்தச் சங்கீதம் பேசுகிறது. லைனில் வளர்ந்த ஒருவருக்கு அதை அனுப்பி, நீ மதிகேடன் என்று காலை ஆறு மணிக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு தாளில் பத்து வரி

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நண்பர் எதை நம்புகிறார், ஏன் நம்புகிறார் என்று பத்து வரி எழுதுங்கள். ‘எதை மறுக்கிறார்’ என்று எழுத வேண்டாம். அவர் படித்தால் “ஆமாம், நான் நினைப்பது இதுதான்” என்று தலையாட்ட வேண்டும். பதிலோ வசனமோ ‘ஆனால்’ என்ற சொல்லோ அதில் இருக்கக் கூடாது. பலரிடம் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் நான்காம் வரியில் பேனா நின்றுவிடும். அங்கேதான் உங்களுக்குத் தெரியாதது தொடங்குகிறது. அவரிடம் கேட்கவேண்டியதும் அதுதான்.

பவுல் அத்தேனே பட்டணத்தில் முதலில் சுற்றிப் பார்த்தார். “அறியப்படாத தேவனுக்கு” என்று எழுதிய பலிபீடத்தைக் கண்டார். அவர்களுடைய புலவரின் வரியையே எடுத்து, “நாம் அவருடைய சந்ததியார்” என்று அவர்களிடம் பேசினார். சிலைகள் நிறைந்த அந்த ஊரைப் பார்த்து அவருக்கு வைராக்கியம் பொங்கியதாக அப்போஸ்தலர் 17 சொல்கிறது; ஆனால் அரியோபாகு மேடையில் அவர் ஏளனமாக ஒரு சொல் பேசவில்லை. அதே சமயம் அவர் எதையும் மறைக்கவும் இல்லை. உயிர்த்தெழுதலைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்திருக்கும், சொன்னார், சிலர் சிரித்தார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியுவும் தாமரியும் இன்னும் சிலரும் நம்பினார்கள். புரிந்துகொள்வது என்றால் நம் விசுவாசத்தைத் தண்ணீர் கலந்து கொடுப்பது என்று உங்கள் சபை மூப்பர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த அதிகாரத்தை அவரோடு சேர்ந்து படியுங்கள்.

1 பேதுரு 3:15-ஐ நாம் அடிக்கடி பாதியாகப் பிடித்துக்கொள்கிறோம். “விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்” என்கிறது அது. “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” என்றும் சொல்கிறது. அவர் கேட்கும் நாள் வந்தால் உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள். உங்கள் மனைவி மருத்துவமனையில் இருந்த இரவில் ஜெபிக்க வாய் வராமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் இரட்சிப்பு உங்கள் தோளில் இருக்கிறது என்ற பாரத்தை இறக்கிவையுங்கள். அந்த அவசரம்தான் சாவு வீட்டில் உங்கள் வாயைத் திறக்கவைத்தது.

சட்டமும் சான்றிதழும்

அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உங்களுக்கு உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. நண்பரோடு பேசுவது உங்கள் உரிமை. பள்ளியில் மாணவர்களுக்குக் கைப்பிரதி கொடுக்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையில் பங்குபெற வைக்க முடியாது என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், மதிப்பெண் போடும் கையிலிருந்து வரும் தாளை ஒரு பிள்ளை எப்படி வேண்டாம் என்று சொல்லும்?

நண்பரின் சித்தி மகள் விஷயம் இதைவிடக் கனமானது. 19 வயது, கல்லூரியில் படிக்கிறாள், ஞானஸ்நானம் கேட்கிறாள். “சாதிச் சான்றிதழை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் அவளுக்குச் சொல்லாதீர்கள். பட்டியல் சாதியினர் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணையும் அதன் பிந்தைய திருத்தங்களும் சொல்கிறபடி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள். கிறிஸ்தவராக மாறினால் தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வருவார். உதவித்தொகை, வேலை எல்லாவற்றையும் இது பாதிக்கும். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை. இந்த ஆணை அநீதியானது என்று பல ஆண்டுகளாகப் போராட்டம் நடக்கிறது. எனக்கும் அதே கருத்துதான். ஆனாலும் இன்று நடப்பில் இருப்பதை மறைத்து ஒரு பெண்ணைத் தண்ணீருக்குள் இறக்குவது சுவிசேஷம் ஆகாது. எல்லாம் தெரிந்த பிறகு அவள் எடுக்கும் முடிவே அவளுடைய முடிவு. ஒரு வழக்கறிஞரிடம் அவளே போய்க் கேட்கட்டும். அவளுடைய பெற்றோருக்குத் தெரியாமல் நீங்கள் எதிலும் இறங்காதீர்கள். நண்பர் உங்கள்மேல் வைத்திருக்கும் மிச்ச மரியாதையும் போய்விடும்.

நினைவு நாள்

போங்கள். அதற்கு முன்பே ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். “அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் பேசியது தவறு. உன் துக்கத்தை நான் மதிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு” என்ற மூன்று வரி போதும். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன் என்ற விளக்கம் வேண்டாம், வசனம் வேண்டாம். அவர் பதில் சொல்லாமல் இருக்கலாம். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. காலை வசனங்களை இன்றோடு நிறுத்துங்கள்.

நண்பருக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவருடைய அம்மா படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைப்பார் என்றும், அங்கே நீங்கள் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கும்பிட வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள், பின்னால் நில்லுங்கள். படைத்த சோற்றைச் சாப்பிடுவதைப் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் பவுல் நீளமாகப் பேசியிருக்கிறார். உங்கள் மனச்சாட்சி வேண்டாம் என்றால், முதல் நாளே அந்த அம்மாவிடம் பணிவாகச் சொல்லி, தேநீர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் கையை மறித்து விளக்கம் சொல்லாதீர்கள். அவருக்குக் கொஞ்சம் வர்க்கி வாங்கிக்கொண்டு போங்கள். அவர் கணவரைப் பற்றிப் பேச விரும்பினால் கேளுங்கள். கண்டியிலிருந்து வந்தது, முதல் பெயர்ப் பதிவு, முதல் குளிர் என்று சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.

அன்று உங்கள் நண்பரைக் கவனித்துப் பாருங்கள். அவருக்குப் படையலில் நம்பிக்கை இல்லை. இருந்தும் அம்மாவுக்காக வாழையிலையைத் துடைத்து விரிப்பார், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவார், அம்மா அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தான் நம்பாத ஒன்றின் நடுவே ஒருவருக்கு எப்படித் துணையாக இருப்பது என்று அவருக்குத் தெரியும். தாளில் எழுதும் பத்து வரிகளில் இதையும் ஒரு வரியாக எழுதிவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.